இன்னாசிபட்டினத்தில் பூஜ்யம்

ஆவூர்
14.4.2021

மாதா துணை.

சம்பந்தி அண்ணன் அடைக்கலசாமி அவர்களுக்கு வியாகுலமேரி எழுதுவது.

போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் பேசிய பேச்சுக்குப் பிறகு போனைத் தொடவே எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. "ஒங்க ஊரு சீக்க என் வீட்டுக்குள்ள கொண்டுக்கிட்டு வராதீங்க" என்று நீங்கள் சொன்னதும், "எம் மகள ஒங்களுக்குக் கெரயம் பண்ணியா குடுத்தேன்?" என்று நான் கேட்டதும் சோபியா காதிலேயே விழுந்திருக்கிறது. பிள்ளைத்தாச்சி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லையாம். இனி நம் சண்டை தாளோடு இருக்கட்டும். உங்கள் ஐஸ் கம்பெனியிலிருந்து திருச்சிக்கு மீன் ஏற்றிப் போகிற வேன் டிரைவர் ரகுநாத், மாத்தூர் ரோட்டில் நிறுத்தி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். என் மகன் அமல்ராஜ் கொண்டுபோய்க் கொடுப்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். சோபியாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அவள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் உரிமையோடு வந்து அழைத்திருப்பார். வழக்கப்படி பார்த்தால் பெண்கள் ஒன்பது பேர் ஏழு வகைக் கட்டுச்சோறோடு வேன் வைத்து வந்து, உங்கள் ஊருக்கே பந்தி போட்டு அழைத்துவர வேண்டும். இந்த நேரத்தில் அது வேண்டாம். நானும் அமல்ராஜும் மட்டும் காரில் வருகிறோம். வாசலிலேயே நின்று வளையல் போட்டு அழைத்து வந்துவிடுகிறோம். கட்டுச்சோறு இல்லாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள் என்று ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

எனக்குப் பயம் அண்ணன். என்னோடு வேலை பார்க்கும் அமுதவல்லி டீச்சர் தேர்தல் டூட்டிக்குப் போய் வந்ததிலிருந்து காய்ச்சல். இப்போது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருக்கிறாள். எனக்கு ஒரு ஊசி போட்டாயிற்று. கர்ப்பிணிகளுக்கு ஊசி கிடையாது என்கிறார்கள். என் பிள்ளை என் கண் முன்னால் இருந்தால் போதும். நாள் குறித்து எழுதுங்கள்.

வியாகுலமேரி


இன்னாசிபட்டினம்
17.4.2021

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்களைப் போல எனக்கு எழுத வராது. ஐஸ் பார் கணக்கு எழுதுகிற கை இது. நேராகவே சொல்லிவிடுகிறேன். மருமகளை அனுப்ப மாட்டேன்.

வழக்கம் தெரியாதவன் இல்லை நான். உங்கள் ஆவூர்ப் பக்கம் பதினான்கு கேஸ் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. விராலிமலையில் அதைவிட மேலே. ஜெகதாப்பட்டினத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் இன்னாசிபட்டினத்தில் எத்தனை தெரியுமா? பூஜ்யம். பஞ்சாயத்து ஆபீஸ் போர்டிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். பூஜ்யம் இருக்கிற ஊரிலிருந்து பதினான்கு இருக்கிற ஊருக்குப் பிள்ளைத்தாச்சியை அனுப்புவது எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு?

கட்டுப்பாடு கட்டுப்பாடு என்கிறார்களே, ஓட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் கொரோனா லீவில் இருந்ததா? அறந்தாங்கிக் கூட்டத்துக்கு லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். பிரியாணி போட்டார்கள். விரலில் வைத்த மை அழிவதற்குள் திருவிழா கூடாது, பஸ்ஸில் நிற்காதே, கடையை மூடு. போன வருஷம் எங்கள் தெருவில் ஒரே ஒருத்தனுக்கு வந்ததற்கு இரண்டு பக்கமும் தகரம் அடித்தார்கள். ஏலக்கூடத்தை மூடினார்கள். கொரோனா ஊர் மீன் என்று மார்க்கெட்டில் திருப்பி அனுப்பினார்கள். பிடித்த மீனைக் கடலிலேயே கொண்டுபோய்க் கொட்டினோம். பெண்டுகள் காதில் கிடந்ததைக் கழற்றினார்கள். அதைப் பார்த்தவன் நான்.

இப்போது விசைப்படகுக்குத் தடைக்காலம் தொடங்கியாயிற்று. ஜூன் பாதி வரைக்கும் நாட்டுப்படகு மீனை வைத்துத்தான் ஊர் சாப்பிட வேண்டும். உலகத்தையே மூடினாலும் உங்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். எங்களுக்கு அப்படி இல்லை.

சோபியாவை மாடியில் வைத்திருக்கிறோம். யாரையும் ஏற விடுவதில்லை. பிரசவ நாள் நெருங்கட்டும், அப்புறம் பேசலாம். என் மகன் ஜெரால்டும் இதைத்தான் சொல்கிறான்.

அடைக்கலசாமி


ஆவூர்
22.4.2021

அண்ணன் அவர்களுக்கு,

அமுதவல்லி டீச்சர் இறந்துவிட்டாள். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவள் மகள் தூரத்தில் நின்று, "அது அம்மாதானா, ஒரு தடவ தொறந்து காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காட்டவில்லை.

உங்கள் பூஜ்யம் என்னைத் தூங்க விடவில்லை. ஆவூரில் பதினான்கு எப்படி வந்தது தெரியுமா? பங்குச் சாமியாரும் நாங்கள் சிலரும் கெஞ்சிக் கூத்தாடி முகாம் போட வைத்தோம். கோயில் மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்து மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். தேடினோம், கிடைத்தது. உங்கள் ஊரில் யாராவது தேடினார்களா? பரீட்சைக்கே வராத பையனுக்கு நான் பூஜ்யம் போட மாட்டேன் அண்ணன், ஆப்சென்ட் என்றுதான் போடுவேன்.

ஓட்டு விஷயத்தில் நீங்கள் எழுதியது அத்தனையும் நிஜம். அந்த ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்ததுதான் அமுதவல்லி கடைசியாகப் பார்த்த வேலை. எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அரசாங்கத்தின் மேல் உள்ள கோபத்தில் நோயே இல்லை என்று சொல்ல முடியுமா? சம்பளத்தைச் சொல்லிக் காட்டியதும் சுருக்கென்றது. அதுவும் உண்மைதான், அதனால் வாதாட மாட்டேன். உங்கள் ஊர் பட்டினி கிடக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். இன்னாசிபட்டினத்தில் யாருக்கும் இருமல் இல்லையா?

வியாகுலமேரி


இன்னாசிபட்டினம்
27.4.2021

சம்பந்தியம்மாவுக்கு,

டீச்சர் விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன். சோபியாவிடம் சொல்லவில்லை.

இருமல் இருக்கிறது. நீங்கள் வெளி ஆள் இல்லை என்பதால் சொல்கிறேன், படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். தேர்தல் முடிந்த வாரமே ஊர்க் கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்தோம். தடைக்காலம் முடிகிற வரைக்கும் யாரும் டெஸ்டுக்குப் போகக் கூடாது. காய்ச்சல் வந்தால் டைபாய்டு என்று சொல்லிக்கொள்ள வேண்டும். முகாம் போட ஆள் வந்தால், "எல்லாரும் கடலுக்குப் போயிட்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். மீறுகிறவனுக்கு ஏலக்கூடத்தில் இடம் கிடையாது. முதலில் கை தூக்கியது நான்தான். வெட்கப்படவில்லை. ஒரு தகரம் விழுந்தால் இங்கே எத்தனை அடுப்பு அணையும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று செங்கமலம் வந்தாள். எங்கள் கம்பெனியில் மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி அடுக்குகிறவள். "மொதலாளி, மூச்சு கொஞ்சம் இழுக்குது. ஜெகதாப்பட்டினம் போயி குச்சி வுட்டுப் பாத்துட்டு வந்துரவா?" என்று கேட்டாள். "கமிட்டி சொன்னது மறந்துபோச்சா? போயிப் படு" என்று மாத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நல்ல உழைப்பாளி, எழுந்து வந்துவிடுவாள்.

நீங்கள் சோபியாவை நினைத்துப் பயப்பட வேண்டாம். மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வீட்டுக்காரி மட்டும்தான். காலையில் எனக்குக் காபி போட்டுக் கொடுக்க மட்டும் சோபியா கீழே வருவாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. எனக்குப் பெண் பிள்ளை இல்லை, உங்களுக்குத் தெரியும்.

அடைக்கலசாமி


ஆவூர்
3.5.2021

அண்ணன் அவர்களுக்கு,

அடுப்பில் போடச் சொன்னீர்கள், போட்டேன். அதில் எழுதியிருந்தது முழுக்க எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

முதலில் அந்தச் செங்கமலத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மூச்சு இழுப்பது மாத்திரைக்கு நிற்கிற காரியம் இல்லை. உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சுடர்விழி என்று ஒரு பெண், விராலிமலையில் வாழ்க்கைப்பட்டவள், என்னிடம் படித்தவள். எட்டு மாதம். ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு பெட் தேடி அலைந்திருக்கிறார்கள். பெட் கிடைத்தபோது அவள் இல்லை. பிள்ளையும் இல்லை. நேற்று டிவியில் ஓட்டு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சேதி வந்தது. வெளியில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதிலிருந்து போன் அடித்தால் அமல்ராஜைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

நீங்கள் பாசமாக வைத்திருக்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஊர் முழுக்க இருமுகிறது, நீங்கள் அந்த ஊருக்குள் போய்விட்டு வந்து அவள் கையால் காபி வாங்கிக் குடிக்கிறீர்கள். மாடியும் கதவும் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமைக்குள் சோபியாவை அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் சுகாதார ஆபீசுக்கு நானே போன் போட்டுக் கமிட்டி முடிவைச் சொல்லிவிடுவேன். மிரட்டுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தம் முறிந்தாலும் சரி.

வியாகுலமேரி


புதுக்கோட்டை ஆஸ்பத்திரி
13.5.2021

சம்பந்தியம்மாவுக்கு,

இதை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டுப் பிரியுங்கள். பேச மூச்சு போதவில்லை. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. வெறும் மிரட்டல் என்று சிரித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கம்பெனியில் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்கார ஆட்கள் எல்லாரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். "ஏண்டா ஓடுறீங்க?" என்கிறேன். "மொதலாளி, அமோனியா கசியுது, வெளிய வாங்க!" என்று கத்துகிறார்கள். நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். கண் எரிந்த பிறகுதான் வெளியே வந்தேன். ஐஸ் கம்பெனிக்காரனுக்கு அமோனியா வாடை தெரியாமல் போகுமா? வால்வைத் திறந்தவுடனே சொல்லிவிடுவேன் எங்கே கசிகிறது என்று. எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துபோயிற்று. அன்றைக்குக் காலையிலும் சோபியா காபி கொடுத்தாள். "நல்லாருக்கா மாமா?" என்று கேட்டாள். "நல்லாருக்கும்மா" என்றேன். ருசியே தெரியவில்லை. அதற்கு முந்தின நாளும் தெரியவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கமிட்டியாவது கத்தரிக்காயாவது. ரகுநாத்தைக் கூப்பிட்டு வேனை எடுக்கச் சொன்னேன். முன்னால் சோபியாவும் ஜெரால்டும், பின்னால் காலிப் பெட்டிகளோடு நான். ஜெகதாப்பட்டினம் போய் மூன்று பேரும் குச்சி விட்டுக்கொண்டோம். ஜெரால்டுக்கு இல்லை என்று வந்தது. எனக்கு வந்த ரிசல்ட்டைப் பார்த்துச் சுகாதார வண்டி ஊருக்குள் வந்துவிட்டது. ஏலக்கூடத்தை மூடிவிட்டார்கள். கம்பெனி ஜன்னல் கண்ணாடி அத்தனையையும் கல்லால் அடித்து உடைத்தார்களாம். முதலில் கை தூக்கினவனே காட்டிக்கொடுத்துவிட்டான் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் என்ன தப்பு இருக்கிறது?

சோபியாவை ஜெகதாப்பட்டினத்திலேயே தனியாக வைத்துப் பார்க்கிறார்கள், அவள் ரிசல்ட் மட்டும் இன்னும் வரவில்லை. சாவுக்குப் பயமில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், அது பொய். பக்கத்துக் கட்டிலில் நேற்று என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் இன்றைக்கு இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்தக் காபிதான்.

அடைக்கலசாமி


புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வாசல்
17.5.2021

அண்ணன் அவர்களுக்கு,

சோபியாவுக்கும் வந்துவிட்டது. உங்களுக்குக் கீழ் மாடியில்தான் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே என்னை விடவில்லை. நர்ஸ் ஒருவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் தாளை எடுத்தேன். வரும் வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இங்கே வந்து உட்கார்ந்தால், சைரன் போட்டுக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக ஆம்புலன்ஸ் வருகிறது, ஒவ்வொன்றிலிருந்தும் யாரோ ஒருவருடைய அம்மாவையோ மகளையோ இறக்குகிறார்கள். திட்டுவதற்குத் தெம்பு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஏன் யாரும் வரவில்லை தெரியுமா? நான் சொல்லவில்லை. நம்பரைப் போட்டுவிட்டு மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். மறுபடியும் போட்டேன், மறுபடியும் வைத்தேன். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று தெரிந்தால் உங்கள் ஊர் ஆத்திரம் முழுக்க அந்த வீட்டிலிருக்கும் என் மகள் மேல்தானே திரும்பும்? அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, எனக்குத் தெரியவில்லை.

ஆக்சிஜன் இறங்கி இறங்கி ஏறுகிறதாம். இன்னும் இறங்கினால் குழந்தையை இப்போதே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். அதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். பரவாயில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெபம் பண்ணுங்கள். எனக்கு வாயில் ஜெபம் வரவில்லை. அருள்நிறை மரியே வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் ஓடவில்லை.

வியாகுலமேரி


இன்னாசிபட்டினம்
20.6.2021

சம்பந்தியம்மாவுக்கு,

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடிப்படி ஏறினால் இன்னும் இரைக்கிறது.

பேத்தி படத்தை ஜெரால்டு காட்டினான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள், இப்போது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்றான். சோபியா எழுந்து நடக்கிறாளாம். போட்டோவில் மெலிந்து, அடையாளமே தெரியவில்லை. உயிரோடு இருக்கிறாள், அது போதும். அதைப் பார்த்து நான் அழுததை ஜெரால்டு சொல்லியிருப்பான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். செங்கமலம் செத்துப்போனாள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், அவள் வீட்டிலேயே. சுகாதார வண்டி தெருவுக்குள் வந்தபோது அவளை உள் அறையில் வைத்துக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள். நெஞ்சு வலி என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிட்டார்கள். டெஸ்ட் எடுக்காததால் எந்தக் கணக்கிலும் அவள் இல்லை.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அந்த வேனில் சோபியாவை ஏற்றினேனே, பின்னால் நான் காலிப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தேனே, இன்னும் நாலு பேர் உட்கார இடம் இருந்தது. அவள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வேன் போனது. எனக்கு அவள் ஞாபகமே வரவில்லை சம்பந்தியம்மா. மறந்துபோயிற்று என்றுகூடச் சொல்ல முடியாது. ஞாபகமே வரவில்லை.

அவள் புருஷனைப் பார்க்கப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க மொதலாளி, ஒடம்பு தேவலாமா?" என்று கேட்டான். நான் உட்காராமல் வந்துவிட்டேன்.

அடைக்கலசாமி


ஆவூர்
4.1.2022

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை மாதம் நான் பதில் எழுதவில்லை. குழந்தையைப் பார்க்க வந்தபோதும் அந்தப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பரவாயில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வேறு எதையாவது எழுதி உங்களைக் குத்தவும் விருப்பம் இல்லை. அதனால்தான் சும்மா இருந்தேன்.

இப்போது எழுதுவது சோபியாவுக்காக. ஐந்தாம் மாதத்தில் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். பிள்ளை இளைப்பு, மழை என்று நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நம் பேத்தி ஸ்வீட்டி இப்போது கவிழ்ந்து படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். ஜெரால்டு ஒவ்வொரு ஞாயிறும் இங்கே வந்து போக வேண்டியிருக்கிறது. "எத்தன நாளைக்கிம்மா இங்கயே இருக்குறது, என் வீட்டுக்கு நான் போக வேணாமா?" என்று சோபியா கேட்கிறாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மறுபடியும் ஏதோ புது வகை வந்திருக்கிறதாம். மறுபடியும் ராத்திரி ஊரடங்கு வரும் என்கிறார்கள். இந்தத் தடவை லேசான காய்ச்சல்தான் என்று டிவியில் பேசுகிறார்கள், இல்லை என்று வேறு சிலர் பேசுகிறார்கள். சோபியாவுக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று. பயந்து பயந்து எனக்கும் அலுத்துவிட்டது. பொங்கல் கழித்து நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள். நானே கொண்டுவந்து விடுகிறேன்.

வியாகுலமேரி


இன்னாசிபட்டினம்
9.1.2022

சம்பந்தியம்மாவுக்கு,

இன்றைக்கு ஞாயிறு ஊரடங்கு. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஆனால் இருமல் சத்தம் கேட்கிறது.

நேற்று கமிட்டி கூடியது. போன மாதம் இரண்டு படகை ஆட்களோடு சிலோன் நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டது, ஊரே நொந்துபோய்க் கிடக்கிறது. இந்த நேரத்தில் ஏலக்கூடமும் மூடினால் தாங்காது என்றார்கள். ஊசிதான் போட்டாயிற்றே, இனி டெஸ்ட் எதற்கு என்றார்கள். பழைய முடிவையே திரும்பப் போட்டார்கள். யாரும் குச்சி விட்டுக்கொள்ளக் கூடாது.

நான் எழுந்து செங்கமலம் பெயரைச் சொன்னேன். கேட்க வந்தவளைத் திருப்பி அனுப்பினவன் நான்தான், அவளைக் கொன்றவன் நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். எல்லாரும் தூக்கினார்கள். அவள் புருஷனும் தூக்கினான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் தூக்கினான். "பொழப்பு இருக்குல்ல மொதலாளி" என்றான். அந்தப் பாடத்தை நடத்தினவனே நான்தானே.

நாளைக்கு நான் சுகாதார ஆபீசுக்குப் போகிறேன். யார் யார் வீட்டில் படுத்திருக்கிறார்கள் என்று சொல்லப் போகிறேன். மூடாமல், தகரம் அடிக்காமல் ஆட்களை மட்டும் பார்க்க முடியுமா என்று கெஞ்சிப் பார்ப்பேன். கேட்பார்களா தெரியாது. நான் போய்ச் சொன்னது இருட்டுவதற்குள் இங்கே தெரிந்துவிடும். போன தடவை கல் ஜன்னலோடு நின்றது. என் வீட்டுக்காரியை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஜெரால்டு வர மாட்டேன் என்று நிற்கிறான், அவனையும் எப்படியாவது காலையில் அங்கே ஏற்றி அனுப்பிவிடுவேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை, உங்களிடம் சொல்கிறேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், என் தெரு ஆட்களை நினைத்தே பயப்படுவேன் என்று நினைத்ததில்லை.

பஞ்சாயத்து போர்டில் இன்றைக்கும் பூஜ்யம்தான் எழுதியிருக்கிறது. நாள் பார்க்க வேண்டாம். பிள்ளைகளை இங்கே அனுப்பாதீர்கள்.

அடைக்கலசாமி